எளிய விலைப் பேஸ் கிட்டாரும் அதன் சீரமைப்பும்

மெல்லிசைக் குழு ஒன்று வாசிக்கக் கேட்கும்போது நம் செவி பாடகரையும் வயலினையும் தொடர்ந்து செல்கிறதேயன்றி, அவற்றின் அடியில் ஓடும் கனத்த நாதத்தைத் தனியே பிரித்து உணர்வதில்லை. ஆயினும் அந்நாதம் ஒரு கணம் நின்றுவிடுமாயின், பாட்டு கால் ஊன்ற இடமின்றித் தவிப்பதை எவரும் அறிவர். அதனைத் தரும் கருவியே பேஸ் கிட்டார். 1976-ஆம் ஆண்டில் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக அறிமுகமான இளையராஜா பின்னர் அமைத்த பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் பகுதிகளும், ஏ. ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவையும் இக்கருவியைத் தமிழ்ச் செவிகளுக்கு அயலானதாக இராமற் செய்துவிட்டன. எனவே மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள், பள்ளி, கல்லூரி இசைக் குழுக்களிற் சேர்ந்து இதனைப் பயில விழைவதில் வியப்பில்லை.

விழைவு எழுந்த வீட்டில் அடுத்து எழுவது விலையைப் பற்றிய கேள்வி. தொடக்க நிலைக் கருவிகள் பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாயிலிருந்து முப்பதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. வாடகைக் குடியிருப்பில் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு அத்தொகை சிறிதன்று. அவ்வாறு வாங்கிய கருவி ஆறு மாதத்திற்குள் பரணுக்குப் போய்விடுவதும், "இவனுக்குப் பொறுமை போதாது" என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவதும் பல வீடுகளில் நிகழ்கின்றன. உண்மையில் குறை பிள்ளையின் பொறுமையில் இருப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த கருவி செப்பம் செய்யப்படாமலே கைக்கு வந்து சேர்கிறது. தந்திகள் உயர்ந்து நிற்கின்றன. அழுத்தினால் விரல் நோகிறது. நொந்து அழுத்தினாலும் சுருதி ஒட்டுவதில்லை. கற்போன் தன் கையையே குறை கூறிக்கொள்கிறான். ஒரு பிற்பகல் வேலையில் நீங்கக்கூடிய இக்குறைக்காக ஒரு கலையையே கைவிடுவது பெரிய நட்டம். இவ்வேலை யாது, அதன்பின் எவ்வுறுப்பை மாற்றலாம், எதனை மாற்ற வேண்டுவதில்லை என்பதை இங்கே காண்போம்.

பேசுவதற்கு ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுதல் நலம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் நகரில் தொழில் நடத்திய லியோ ஃபெண்டர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியை வெளியிட்டார். ஆள் உயரத்திற்கு நின்ற பெரிய டபிள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் கிட்டாராக அதனைச் சுருக்கித் தந்தது அக்கருவி. வீணையில் மெட்டு இருப்பதுபோல் இதிலும் மெட்டுகள் பதிக்கப்பட்டமையால் சுரத்தானம் பிசகாது என்பதையே அப்பெயர் குறித்தது. 1957-இல் அதன் பிக்அப் இன்று நாம் காணும் இரு துண்டு வடிவத்தைப் பெற்றது. 1960-இல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. நான்கு தந்திகள், ஈ, ஏ, டி, ஜி என்னும் சுருதி, நட்டிலிருந்து குதிரை வரை 34 அங்குலம் என்று ஃபெண்டர் வகுத்த அளவையே உலகின் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் இன்றும் பின்பற்றுகின்றன. 1965-இல் ஃபெண்டர் நிறுவனத்தின் வசமான ஸ்குவயர் என்பது ஒரு தந்திக் கம்பெனியின் பெயர். அப்பெயரில் 1982 முதல், முதலில் ஜப்பானிலும் பிறகு வேறு நாடுகளிலும், குறைந்த விலைக் கருவிகள் செய்யப்படலாயின. அவற்றுள் 'அஃபினிட்டி' வரிசை நம் நாட்டுக் கடைகளிலும் எளிதிற் கிடைப்பது. யமாஹா, ஐபனெஸ், கோர்ட் முதலியோரின் தொடக்க நிலைக் கருவிகளும் இதற்குத் தாழ்ந்தவையல்ல. ஈண்டுச் சொல்வன அவற்றுக்கும் பொருந்தும்.

விலையை எங்கே குறைக்கிறார்கள் என்பதை அறிந்தால் எங்கே செலவிட வேண்டும் என்பது தானே விளங்கும். அஃபினிட்டியின் உடல் பாப்லர் மரம். கழுத்து மேப்பிள் மரம். இரண்டையும் நான்கு திருகாணிகள் பிணைக்கின்றன. இவ்வமைப்பு விலையுயர்ந்த ஃபெண்டரிலும் ஏறக்குறைய இவ்வாறே. விரற்பலகைக்கு முன்பு ஈட்டி மரம் பரவலாகப் பயன்பட்டது. 2017-இன் தொடக்கத்தில் அவ்வின மரங்களின் பன்னாட்டு வாணிகத்திற்குக் கட்டுப்பாடு வந்தபின், 'இந்தியன் லாரல்' என்ற பெயரில் வேறொரு மரம் அவ்விடத்தைப் பெற்றது. தென்னாட்டுக் காடுகளில் நாம் கருமருது என்று வழங்கும் மரமே அது. ஆக, மரத்தில் பெருங்குறை இல்லை. பிக்அப்பில் விலை மலிந்த செராமிக் காந்தம், எளிய பிரடைகள், வளைத்த தகட்டாலான குதிரை ஆகியவற்றில் ஓரளவு மிச்சம் பிடிக்கிறார்கள். எல்லாவற்றினும் மேலாக, கைத்தேர்ந்த தொழிலாளி ஒருவன் இறுதியில் செலவிட வேண்டிய நேரத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். மெட்டு முனைகளை மழுக்குதல், நட்டின் வெட்டுகளை ஆழப்படுத்துதல், தந்தியின் உயரத்தை ஒழுங்கு செய்தல் ஆகியவை அந்நேரத்தில் நடக்க வேண்டியவை. அந்நேரத்தை நாமே பின்னர் கருவிக்குத் தரலாம். கழுத்து கோணியிருந்தால் மட்டும் நம்மால் ஒன்றும் செய்ய இயலாது.

ஆதலின் கடையில் பார்க்க வேண்டியது கழுத்தையே. கருவியைத் தலைப்பக்கத்திலிருந்து, துப்பாக்கியைக் குறி பார்ப்பதுபோல, ஒரு கண்ணால் நோக்குக. சிறிதளவு முன்னோக்கி வளைந்திருத்தல் குற்றமன்று. முறுக்கிக்கொண்டிருத்தல் தீராத குற்றம். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் நாதம் செத்தொலிக்கிறதா என்று கேட்க. கழுத்தின் விளிம்பில் உள்ளங்கையை ஓட்டினால் மெட்டு முனைகள் கீறலாகாது. ஒரே வகையில் இரண்டு கருவிகளை எடுத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்திருப்பதைக் காணலாம். கொல்கத்தாவில் உள்ளோர் லால்பஜாரை அடுத்த ரவீந்திர சரணியில் வரிசையாக இருக்கும் இசைக்கருவிக் கடைகளில் இவ்வாறு பார்த்து வாங்குதல் கூடும். அஞ்சல் வழி வாங்குவோர்க்கு இவ்வசதி இல்லை; திருப்பித் தரும் உரிமையையாவது கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சிறுவர்க்கும் கை சிறியோர்க்கும் 30 அங்குல அளவுள்ள குட்டைக் கருவிகள் உண்டு. அவற்றை விளையாட்டுப் பொருளென இகழ வேண்டா. பழைய கருவி கிடைக்குமாயின் மிகவும் நன்று. முதல் விலைவீழ்ச்சியை வேறொருவர் தாங்கிவிட்டார்.

இனி வீட்டுக்கு வந்த கருவியைச் செப்பம் செய்தல். இதனை வரிசை மாறாமற் செய்தல் வேண்டும். முதலில் புதுத் தந்திகள். கருவியோடு வருபவை மாதக்கணக்கில் கடையில் தொங்கித் துருவேறியிருக்கும். தடிப்புத் தந்தி 0.105 அங்குலமும் மெல்லிய தந்தி 0.045 அங்குலமும் கனமுள்ள தொகுதி பொது வழக்கு. பிரடையில் இரண்டு மூன்று சுற்று கீழ்நோக்கி ஒழுங்காகப் படியுமாறு சுற்றுக. சுருதி நிற்கவில்லை என்று பிரடையைக் குறை கூறுவோரிற் பெரும்பாலோர் சுற்றியது சரியில்லாமையால் இடர்ப்படுகின்றனர்.

சுருதி கூட்டியபின் கழுத்தின் வளைவைப் பார்க்க வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு கழுத்தை இழுக்கின்றன. அவ்விழுவையை எதிர்ப்பதற்காகக் கழுத்தினுள்ளே 'டிரஸ் ராட்' என்னும் எஃகுக் கம்பி புதைந்துள்ளது. தடிப்புத் தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டால், இடையில் எட்டாம் மெட்டிற்கும் தந்திக்கும் நடுவே ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டின் கனம் எனலாம். இடைவெளி மிகுந்திருந்தால் டிரஸ் ராடின் முனையை வலப்புறமாக இறுக்குக. இன்றேல் இடப்புறமாகத் தளர்த்துக. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. திருப்பியபின் மீண்டும் சுருதி கூட்டி அளக்க வேண்டும். கருவியோடு வந்த ஆலன் சாவியையே பயன்படுத்துக. பொருந்தாத சாவி அதன் முனையைத் தேய்த்துவிடும். தேய்ந்துவிட்டால் செலவு கருவியின் விலையை எட்டும். இயல்பாகத் திரும்ப மறுத்தால் கைவிட்டுத் தொழிலறிந்தவரிடம் கொடுத்துவிடுவதே அறிவுடைமை.

அடுத்துத் தந்தியின் உயரம். பதினேழாம் மெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் இடையே தடிப்புத் தந்தியில் 2.4 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தியில் 2 மில்லிமீட்டரும் இருப்பது நடுத்தரமான அளவு. குதிரையில் ஒவ்வொரு தந்திக்கும் உரிய சிறு திருகாணிகளால் இதனைக் கூட்டலாம், குறைக்கலாம். கடையிலிருந்து வரும்போது இவ்வுயரம் 4 மில்லிமீட்டரை எட்டியிருப்பதுண்டு. இவ்வொரு திருத்தத்திலேயே கருவி வேறொன்றாக மாறிவிட்டதுபோல் தோன்றும். மிகத் தாழ்த்தினால் தந்தி மெட்டில் பட்டுக் கரகரக்கும். மென்மையாக மீட்டுவோர் தாழ்த்தி வைக்கலாம். அழுத்தி மீட்டுவோர் சற்று உயர்த்தியே வைக்க வேண்டும்.

முதல் இரண்டு மெட்டுகளில் மட்டும் அழுத்துவது கடினமாக இருந்து, சுரம் சற்றே ஏறியும் ஒலித்தால் குற்றம் நட்டில் இருக்கிறது. அங்குள்ள வெட்டுகள் ஆழம் போதாதவை. இதனை அரத்தால் ஆழப்படுத்துவது நுண்ணிய வேலை. ஒரு முறை மிகையாக அராவிவிட்டால் நட்டையே மாற்றவேண்டும். முதல் தடவை பழகிய கைக்கு விட்டுவிடுதல் நன்று. கடைசியாகச் சுரச் சுத்தம். பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியை அழுத்தாது மெல்லத் தொட்டு மீட்டினால் எழும் மேல்நாதமும், அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் சுரமும் ஒன்றாதல் வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் குதிரையின் அக்கட்டையைக் கழுத்துக்கு அப்பால் நகர்த்துக. இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துக. கைப்பேசியில் கிடைக்கும் சுருதிமானிகள் போதும். தடிப்பான ஈ தந்தியின் அதிர்வு வினாடிக்கு ஏறக்குறைய 41 மட்டுமே ஆகையால் அவை சில வேளை தடுமாறும். அப்போது மேல்நாதத்தைக் காட்டினால் எளிதிற் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் தொழிலறிந்தவர் செய்வதற்குக் கேட்கும் கூலி ஒரு புதிய பிக்அப்பின் விலையினும் குறைவு. இருந்தும் மக்கள் பிக்அப்பையே முதலில் வாங்குகின்றனர். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குப் பணம் தர மனம் துணிகிறது. திருகாணியைத் திருப்பியதற்குத் தர மனம் வருவதில்லை!

இச்செப்பம் ஒரு தடவையோடு முடிவதன்று. மரம் காற்றின் ஈரத்தை உண்டு விரியும், வறட்சியில் சுருங்கும். தில்லியில் வாழ்வோர் இதனை நன்கு உணர்வர். பருவமழைக் காலத்தில் சரியாக இருந்த கழுத்து, வறண்ட குளிர்காலத்தில் வளைவு மாறி நிற்கும். விரற்பலகை சுருங்கி மெட்டு முனைகள் விளிம்பில் துருத்திக்கொண்டு கையைக் கீறுவதும் உண்டு. மெல்லிய அரத்தால் முனைகளை மழுக்கிவிட்டால் அது தீரும். அங்குள்ளோர் ஆண்டில் இரு முறை கழுத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். கருமருதுப் பலகையாயின், ஆண்டுக்கு ஒரு முறை அதற்கென விற்கும் எண்ணெயைச் சில துளி இட்டுத் துடைத்துவிடலாம். மெருகிட்ட மேப்பிள் பலகைக்கு எண்ணெய் ஆகாது. மும்பை, கொல்கத்தா போன்ற ஈர நகரங்களில் இடர் வேறு வகையானது. அங்கே தந்தியும் திருகாணியும் துருவேறும். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்துவைத்தால் அவற்றின் ஆயுள் நீளும். எவ்வூராயினும் வெளிச்சுவரில் கருவியை மாட்டலாகாது. மழையில் அச்சுவர் ஊறும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். பிரிசிஷன் பேஸின் இரு துண்டு பிக்அப் இரைச்சலைத் தானே நீக்கிக்கொள்வது. ஜாஸ் வகையில் இரண்டு பிக்அப்களையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் தலைகாட்டும். உட்குழியில் செப்புத் தகட்டு நாடாவை ஒட்டி, அதனைக் கருவியின் 'எர்த்' கம்பியோடு இணைத்தால் அதுவும் பெரிதும் தணியும். சில நூறு ரூபாய்ச் செலவில் முடியும் இவ்வேலையைத் தெருவிலுள்ள வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்ப்பவரே செய்து தருவார். இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. கருவியின் தந்திகள் குதிரை வழியே எர்த்தோடு இணைந்துள்ளன. பழைய வாடகை வீடுகளில் சுவர்ப் பிளக்கில் மூன்றாம் துளை பெயருக்கு மட்டும் இருந்து, எர்த் இணைப்பே இல்லாதிருப்பதைக் காண்கிறோம். ஆம்ப்ளிஃபையரில் பழுது நேர்ந்தால் அம்மின்சாரம் வாசிப்பவர் கையில் பாயும். இரைச்சல் குறைகிறது என்று மூன்றாம் ஊசியை முறிப்போரும் உளர். உயிரோடு விளையாடும் செயல் அது. குடிபோன வீட்டில் எர்த் உண்டா என்பதை ஒரு மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிட்டே கருவியை மாட்டுக.

ஆம்ப்ளிஃபையரைப் பொறுத்தவரை, சாதாரணக் கிட்டாருக்குரிய சிறு பெட்டி இந்த ஆழ்ந்த ஒலியைத் தாங்காது. பேஸுக்குரிய பெட்டியோ அண்டை வீட்டாருக்குத் தாங்காது. தாழ்ந்த நாதம் சுவரையும் தளத்தையும் ஊடுருவிச் செல்வது. குடியிருப்புகளில் வாழும் கற்போனுக்குத் தலையணி ஒலிபெருக்கியில் கேட்கச் செய்யும் சிறு கருவியே போதுமானது. மேடை வரும்போது மேடையில் பெட்டி இருக்கும்.

இனி உறுப்புகளை மாற்றுவது. ஒரு வருடமாவது வாசித்து, குறை இன்னதென்று தன் செவியால் கண்டவனே இதில் இறங்கலாம். ஒலி கூர்மையாக இருக்கிறது, பழைய திரைப்பாட்டில் வருவது போன்ற உருண்ட ஒலி வேண்டும் என்பவன், பிக்அப்பைத் தொடாமல் தட்டைச் சுற்றுத் தந்திகளை மாட்டிப் பார்க்க. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரிசிஷன் பேஸில் அத்தகைய தந்திகளையே கொண்டிருந்தார். அவற்றை மாற்றவும் விரும்பாதவர் அவர். பிரடை வழுக்கினால் மாற்றுக. வழுக்காத பிரடையை அழகுக்காக மாற்றுவது வீண். கரகரக்கும் வால்யூம் கட்டுப்பாடுகளுக்குப் பதிலாக 250 கிலோ ஓம் அளவுள்ள நல்லவற்றை இடுவது சிறு செலவில் நிறைவு தருவது. பிக்அப் மாற்றத்தால் ஒலியின் தெளிவு உயரும் என்பதில் ஐயமில்லை. இதுவே பெரிய செலவு. ஃபெண்டர் அளவுகளைப் பலர் பின்பற்றுவதால் பொருந்தும் பிக்அப்கள் எளிதிற் கிடைக்கும். ஆயினும் திருகாணித் துளைகளையும் குழியின் ஆழத்தையும் அளந்து பாராமல் எதனையும் வாங்கலாகாது. கனத்த பித்தளைக் குதிரையால் நாதம் நீளும் என்பர் சிலர். என் செவிக்கு அவ்வேறுபாடு பணத்திற்கு ஈடாகத் தோன்றவில்லை. 9 வோல்ட் பாட்டரியால் இயங்கும் கருவியை வைத்திருப்போர், வாசித்து முடித்ததும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். செருகியிருக்கும்வரை பாட்டரி கரைந்துகொண்டேயிருக்கும்.

ஜேகோ பாஸ்டோரியஸ் தம் ஜாஸ் பேஸின் மெட்டுகளைப் பிடுங்கியெறிந்து அழியாப் புகழ் பெற்றார் என்பது உண்மையே. அதனைக் கேட்டு மெட்டுகளைப் பிடுங்கப் புறப்பட்ட இளைஞர் பலர் கருவியை இழந்ததும் உண்மையே. மரத்தை அறுப்பதும் குழி தோண்டுவதும் மீளாச் செயல்கள். திருகாணியால் மாட்டிக் கழற்றக்கூடிய மாற்றங்களோடு நின்றுகொள்ளுதல் நலம்.

செலவுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளலாம். உறுப்புகளின் கணக்கு கருவியின் விலையில் பாதியைத் தாண்டுமானால், அப்பணத்தைச் சேமித்து அடுத்த படியிலுள்ள கருவியை வாங்குவது மேல். ஏனெனில் விற்கும்போது உறுப்புகளுக்குத் தனி விலை கிடைப்பதில்லை.

விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்படுவோர் கருவியையும் எடுத்துச் செல்ல விரும்புவர். பஞ்சு வைத்த தடித்த உறையேனும் வேண்டும். மெல்லிய துணியுறை தூசியை மட்டுமே தடுக்கும். தந்திகளைச் சிறிது தளர்த்துக. முற்றிலும் கழற்ற வேண்டுவதில்லை. அடி இருக்கையின் கீழே திணிப்பதைவிட மேல் பலகையில், தலைப்பக்கம் சுவரை நோக்க, படுக்க வைப்பது நன்று. கழுத்தும் தலையும் கூடும் இடமே முதலில் முறியும். ஊர் சேர்ந்ததும் உறையை உடனே திறவாமல் சில மணி நேரம் விட்டுவைத்து, அங்குள்ள காற்றுக்கு மரம் பழகியபின் சுருதி கூட்டுக. கழற்றிய பழைய பிக்அப், பிரடை, திருகாணி ஆகியவற்றை ஒரு டப்பாவில் பெயரெழுதி வைத்திருக்க வேண்டும். கருவியை விற்கும் நாள் வந்தால் பழைய உறுப்புகளையே மீண்டும் மாட்டிக் கொடுத்துவிட்டு, நல்லவற்றை அடுத்த கருவிக்கு எடுத்துக்கொள்ளலாம்.